மெலூரின் தலை

மெலூரைத் திருடின்னு சொல்ற வாய் இந்த மலாய்க் கரை ஊர்ல, குவாலா செரந்தாவ்ல, இன்னும் இருக்கு. அவளை அடக்கம் பண்ணி ஒரு மழைக்காலமே போயிடுச்சு. போன வாரம் மீன் சந்தையில ஒருத்தி கெரோப்போக் வறுவலைக் கடிச்சுக்கிட்டே கேக்குறா, "அரண்மனையில நகையைத் தூக்கினான்னு மொட்டையடிச்சு விட்டாங்களே, அந்தப் பொம்பளதானே?"ன்னு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறதுன்னா இதுதான். வாயிலேயே ஒண்ணு வச்சிருப்பேன், ரெண்டு கையிலயும் மீன் இருந்துச்சு. அதனால சொல்லிடறேன். நடந்தது தெரிஞ்சவங்கள்ல மிச்சம் இருக்கிறது நான் ஒருத்திதான். அரண்மனை இனிமே என்னை என்ன பண்ணிடப் போகுது?

நான் எசா. அரண்மனை உடுப்பறையில விருதுப் பட்டைகளுக்கு இஸ்திரி போட்டவ. ராணியும் இளவரசிகளும் வலது தோள்ல இருந்து இடது இடுப்புக்குக் குறுக்கே போடுவாங்களே அகலப் பட்டு, அதுல ஒரு சுருக்கம் விழுந்தா என் முதுகுத் தோலை உரிச்சிடுவாங்க. எங்க நாட்டு விருதுக்குப் பேரு செண்பக நட்சத்திரம். மஞ்சப் பட்டு, பச்சைக் கரை. இடது மார்புல எட்டு முனை வெள்ளி நட்சத்திரம், நடுவுல எனாமல்ல செண்பகப்பூ. முன்னாடி பார்த்தா கண்ணைப் பறிக்கும். பின்னாடி இருக்கிற ஊசியை ஊர்ல யாரும் பார்த்ததில்ல. என் சுண்டுவிரல் நீளம்.

ராணிக்கு நகை பிடிக்கும், அதுக்காக உக்காந்து அளவு குடுக்கிறது பிடிக்காது. தலைநகர்ல இருந்து வர்ற சீனப் பத்தர் ராணியோட தலையைத் தொடவும் கூடாது. அப்ப கிரீடத்துக்கு எப்படி அளவு பார்க்கிறது? உடுப்பறைத் தலைவி மாக் சம், மூத்த பொம்பளைங்களை நாங்க மாக்னுதான் கூப்பிடுவோம், ஒரு நூலை எடுத்துக்கிட்டு வேலைக்கார பொண்ணுங்க தலையெல்லாம் அளந்துகிட்டே வந்தா. சமையல்கட்டுல தேங்கா துருவிக்கிட்டு இருந்த பொண்ணுக்கிட்ட வந்ததும் நூலோட ரெண்டு முனையும் சரியா முட்டுச்சு. "தலை கிடைச்சிடுச்சுடி!"ன்னு கத்தினா. அந்தப் பொண்ணுதான் மெலூர். வயசு பதினெட்டு.

அன்னையில இருந்து அவளுக்குப் பேரே தலைதான். "தலையைக் கூட்டிட்டு வா." "தலை சாப்பிட்டுச்சா?" "தலைக்குக் காய்ச்சலாம், பத்தரை நாளைக்கு வரச் சொல்லு." அவளும் சிரிச்சுக்கிட்டேதான் வருவா. சின்னப் பொண்ணு, தேங்கா துருவறதுக்கு வைரம் சுமக்கிறது மேல்னு நினைச்சிருப்பா. காலையில கிரீடத்தை வச்சா மத்தியானம் தொழுகை வரைக்கும் இறக்க மாட்டாங்க. பத்தர் ஒரு கல்லை ஏத்துவார், ஒரு திருகை முறுக்குவார், எட்டப் போய் நின்னு பார்ப்பார். இறக்கினா நெத்தியில குழி விழுந்திருக்கும், அதுல ஒரு உளுந்தை வைக்கலாம். நட்சத்திரத்தையும் முதல்ல அவ மார்புலதான் குத்திப் பார்ப்பாங்க. சாஞ்சிருந்தா பிடுங்கி மறுபடி குத்துவாங்க. ஊசி சட்டையோட நிக்காது. ஒரு தடவை பட்டையில ரத்தப் பொட்டு ஒண்ணு விழுந்துடுச்சு. மாக் சம் அவளை அறைஞ்சா, "உன் ரத்தத்தைத் துவாங்கு பட்டையில ஏண்டி வடிக்கிற?"ன்னு.

ராணியைத்தான் துவாங்குன்னு சொல்லுவோம். நான் அவங்களைக் கிட்டத்துல பார்த்தது கொஞ்ச தடவைதான். ஒரு நாள் அளவு பார்க்கிற நேரத்துல உள்ளே வந்துட்டாங்க. மெலூர் கிரீடம், மாலை, பட்டை, நட்சத்திரம் எல்லாம் போட்டுக்கிட்டு நடு அறையில நிக்குறா. சோத்துப் பானை மூடி மாதிரி வட்ட முகம் அவளுக்கு, ஆனா அந்தக் கிரீடம் அவளுக்கு அப்படிப் பொருந்துச்சு. ராணி அவளைச் சுத்தி ஒரு நடை நடந்தாங்க.

"இது என்னை விட நல்லா போட்டுக்கிட்டு நிக்குதே"ன்னாங்க.

எல்லாரும் சிரிச்சோம். மெலூரும் சிரிச்சுட்டா. ராணி சிரிக்கல. "பல்லைக் காட்டறதுக்கா உன்னை வச்சிருக்கு?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அளவு பார்க்கிற நேரத்துல அவ முகத்தை ஒரு துணியால மூடிட்டாங்க. கிரீடத்துக்கு முகம் எதுக்கு?

அவகிட்ட ஒரே ஒரு சொத்து இருந்துச்சு, கூந்தல். முட்டிக்குக் கீழே தொங்கும். கிணத்தடியில அலசினா நாங்க ரெண்டு பேர் பிடிச்சுப் பிழியணும். ஜூசோன்னு ஒருத்தன் ஆத்துல ஆளை ஏத்தி இறக்கற படகுக்காரன், அந்தக் கூந்தலைப் பார்த்துத்தான் விழுந்தான். பொண்ணு கேட்டு வெத்தலைத் தட்டும் வந்துடுச்சு. நோன்புப் பெருநாள் முடிஞ்சதும் நிக்காஹ். "கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடியறா, நமக்கென்ன?"ன்னு நான் கேலி பண்ணுவேன். என் முடி எலிவால்.

அந்த வருஷம் ராணிக்கு விஷக் காய்ச்சல் வந்துச்சு. உயிர் தப்பிடுச்சு, முடி தப்பல. சீப்பை வச்சா கத்தை கத்தையா வரும். கடைசியில உள்ளங்கை மாதிரி ஆயிடுச்சு தலை. அதே சமயத்துல வேற நாட்டு ராஜாவும் ராணியும் விருந்துக்கு வர்றாங்க. ரெண்டு ராணிகளும் ஒருத்தருக்கொருத்தர் விருது மாத்திக்கணும், பெரிய கிரீடத்தோட நிக்கணும். கிரீடம் சும்மா தலையில உக்காராதுங்க. அடியில முடியைப் பின்னி அந்தப் பின்னல்ல கட்டி வைப்பாங்க. மொட்டையில எதைக் கட்டறது? சீமையில இருந்து ஒரு டோப்பா வரவழைச்சாங்க. செம்பட்டை முடி. மாக் சம் அதை விரல் நுனியால தூக்கி, "குதிரை வாலை வச்சுக்கிட்டா துவாங்கு சபையில நிக்கிறது?"ன்னா. அப்படியே திரும்பி மெலூரைப் பார்த்தா.

வெட்டறப்ப ராணி பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க, தலையில முக்காடு. மெலூர் தரையில கும்பிட்ட கையோட இருந்தா.

"துவாங்கு, நிக்காஹ் முடியட்டும். மறுநாளே அடியேன் வந்து குடுத்துடறேன்."

"ஏன், உன் நிக்காஹுக்கு நீ கிரீடமா வைக்கப் போற?"

மாக் சம் விழுந்து விழுந்து சிரிச்சா. மெலூர் அழவும் இல்ல, விடவும் இல்ல. எங்க பக்கத்துல பொம்பளைங்க வெட்டின முடியைக் குப்பையில போட மாட்டோம், மண்ணுல புதைப்போம். நம்ம உடம்புல இருந்தது நம்ம கூடத்தான் மண்ணுக்குப் போகணும். அதைத்தான் கேட்டா.

"எடுத்துக்கங்க துவாங்கு. ஆனா அது அடியேனோடது. நான் சாகும்போது என்கூட குழிக்குள்ள வரணும். திருப்பிக் குடுப்பீங்களா?"

ராணி முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டாங்க. "எனக்கு முடி வளர்ந்ததும் உன்னோடதை உன்கிட்டயே தந்துடறேன். என் வாக்கு"ன்னாங்க.

ராணி வாக்கு! அது போதாதா? மெலூர் தலையைக் குனிஞ்சு குடுத்துட்டா. கத்தரிக்கோல் அடர்த்தியைத் தாங்காம ரெண்டு தடவை நழுவுச்சு. அப்புறம் சவரக் கத்தி. ஏன் முழுசா மழிச்சாங்கன்னா, கிரீடம் இனிமே மொட்டைத் தலைமேல சவுரி வச்சு உக்காரணும் இல்லியா, தலையும் அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கணும். எல்லாம் கணக்காத்தான் யோசிச்சிருந்தாங்க. இன்னொருத்தி முடியை வச்சுக் கட்டறது மார்க்கத்துல ஹராம். ராணியே கட்டினாங்கன்னு தெரிஞ்சா பள்ளிவாசல்ல இமாம் சும்மா இருப்பாரா? அதனால மெலூர், மாக் சம், நான், எங்க மூணு பேர்கிட்டயும் குர்ஆன் மேல சத்தியம் வாங்கினாங்க, வாயைத் திறக்க மாட்டோம்னு. மெலூரைத்தான் முதல்ல செய்ய வச்சாங்க.

விருந்தன்னிக்கு நானும் அவளும் மரச்சட்டத் தடுப்புக்குப் பின்னாடி நின்னு பார்த்தோம். விளக்கு வெளிச்சத்துல ராணி நடந்து வர்றாங்க. வைரத்துக்குக் கீழே கறுகறுன்னு பெரிய கொண்டை. வந்த நாட்டு ராணி ஏதோ சொல்லிக் கையைக் காட்டினாங்க, நம்ம ராணி வெக்கப்பட்டுச் சிரிச்சாங்க. எங்க பேச்சுல காக்னா அக்கா. மெலூர் என் காதுல, "காக் எசா, என்னைப் புகழறாங்க பாரு"ன்னா. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. அடி பாவி மகளேன்னு நினைச்சுக்கிட்டேன்.

அவளுக்கும் ஒரு விருது குடுத்தாங்க. செண்பக நட்சத்திரத்துலயே கடைசிப் படி, பட்டையெல்லாம் கிடையாது, ஒரு வெண்கலப் பதக்கம், மஞ்ச நாடா, பட்டு மெத்தை வச்ச சின்னப் பெட்டி. "விசுவாசமான சேவைக்கு"ன்னு பொறிச்சிருந்துச்சு. மாக் சம் குத்தி விடும்போதே சொல்லிட்டா, "சொந்தம்னு நினைச்சுக்காதடி. இருக்கிற வரைக்கும் போட்டுக்கலாம். செத்தா, மய்யித்து வீட்டை விட்டுக் கிளம்பறதுக்குள்ள பெட்டியோட அரண்மனைக்கு வந்துடணும். டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுஷங்க பொண்டாட்டிங்களுக்கே அதுதான் சட்டம்."

பெருநாளுக்கு முந்தி ஜூசோவோட அம்மா மாக் தே பலகாரத் தட்டோட வந்தா. வந்தவ மருமகளைக் கொஞ்சற சாக்குல முக்காட்டை விலக்கிட்டா. நானும் அங்கதான் இருந்தேன். தட்டு கீழே விழுந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.

"என்னடி இது? தலையை யாருடி மழிச்சா?"

மெலூர் வாயே திறக்கல. சத்தியமாச்சே. அரண்மனையில பொம்பளைக்குத் தலையை மழிச்சா அது தண்டனைன்னுதான் ஊருக்குத் தெரியும். திருட்டு, இல்லைன்னா நடத்தைக் கேடு, மூணாவது கிடையாது. மாக் தே அங்கேயே தீர்ப்பு எழுதிட்டா, "நகை அறையில வேலைன்னப்பவே நினைச்சேன். கை நீண்டிருக்கு."

அப்பத்தான் மெலூருக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஓடிப் போய் பதக்கப் பெட்டியை எடுத்துட்டு வந்து நீட்டினா. "மாக், இங்க பாருங்க. திருடிக்கு அரண்மனையில விருது குடுப்பாங்களா?"

மாக் தே பதக்கத்தைப் பார்த்தா, மொட்டையைப் பார்த்தா, மறுபடி பதக்கத்தைப் பார்த்தா. தேங்கா துருவறவளுக்கு எதுக்கு விருது? அவ மூஞ்சி மாறின விதம் எனக்குத் தெரியும், அந்தப் பாழாப்போன பெட்டியைக் கொண்டு வந்திருக்கவே கூடாது.

"ஓகோ, அப்படியா சங்கதி. ராணி தலையை மழிச்சிருக்கா, ராஜா மார்புல குத்தி விட்டிருக்கார். திருடியா இருந்திருந்தாக்கூட என் மகனுக்குக் கட்டி வச்சிருப்பேண்டி!"

போயிட்டா. ஜூசோ ஒரு வார்த்தை கேக்க வரல. அடுத்த மழைக்காலத்துக்குள்ள வேற கல்யாணம் முடிச்சு, அவளை அரண்மனைத் துறை வழியாவே படகுல கூட்டிட்டுப் போனான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாதி ஊர் திருடின்னுச்சு, பாதி ஊர் அதை விட மோசமா சொல்லுச்சு. மெலூர் அம்மா, மகள் முகத்துல முழிக்க மாட்டேன்னு கிளாந்தான்ல இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா.

ராணிக்கு முடி வளரவே இல்ல. ராணிக்கு வளராத வரைக்கும் தலைக்கும் வளரக் கூடாது. வாரா வாரம் மழிச்சாங்க. கொஞ்சம் முள்ளு முள்ளா வந்தாலே மாக் சம் தடவிப் பார்த்து, "அளவு கெட்டுடும்"னு கத்தியை எடுப்பா. இப்படியே இருபத்து எட்டு வருஷம். அவ கூந்தல் ராணி தலையில வெளிநாடெல்லாம் போயிட்டு வந்துச்சு, தபால்தலையில கூட வந்துச்சு. ஒவ்வொரு விழா முடிஞ்சதும் அந்தச் சவுரியைச் சீவி, எண்ணெய் தடவி, பெட்டியில வைக்கிறது என் வேலை. சீப்புல நாலஞ்சு இழை வரும். அதைச் சுருட்டி மெலூர்கிட்ட குடுத்துடுவேன். அவ அதைப் பதக்கப் பெட்டியில, மெத்தைக்கு மேல சேர்த்து வச்சா. பதக்கத்தை ஒரு நாளும் போட்டுக்கல, முடிக்குப் பாரம் வச்ச மாதிரி மேலே வச்சிருப்பா.

"காக், மீதியும் வந்துடும். துவாங்கு வாக்கு குடுத்திருக்காங்க"ன்னு சொல்லுவா. எனக்கு எரிச்சலா வரும். ஆனா அடுத்த விழா முடிஞ்சதும் இழையைச் சுருட்டிக் கொண்டு போய்க் குடுப்பேன்.

ராணி போய்ச் சேர்ந்தாங்க. நாப்பதாம் நாள் துக்கம் முடிஞ்சதும் மெலூர் மாக் சம் முன்னாடி போய் உக்காந்தா. மாக் சம் அப்ப கிழவி, பல்லெல்லாம் போயிடுச்சு, திமிர் மட்டும் போகல.

"மாக் சம், என் முடி."

"எந்த முடி?"

"நீங்க வெட்டினது மாக். துவாங்கு வாக்கு குடுத்தாங்களே, நீங்களும் இருந்தீங்களே."

"துவாங்கு தலையில இருந்தது துவாங்கு முடி. இன்னொரு தடவை வாயைத் திறந்தியோ, ராணிக்கு அவதூறு சொன்னான்னு உள்ளே தள்ளிடுவாங்க. மயிரைச் சுட்டுக் கரியாகுமாடி? போ, போய்க் கஞ்சியைக் குடி."

தலைக்கு இனிமே வேலை இல்லைன்னு மறுவாரமே மெலூரை அனுப்பிட்டாங்க. அரண்மனைக்குப் பின்பக்கம் நகைக் கூடம் ஒண்ணு கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள்ள ராணி மாதிரி ஒரு மெழுகு பொம்மையை நிறுத்தினாங்க. கிரீடம், பட்டை, நட்சத்திரம், அடியில அந்தக் கொண்டை. மெலூர் டிக்கெட் வாங்கிக்கிட்டுப் போய்ப் பார்ப்பா. கண்ணாடியில நெத்தியை ஒட்ட வச்சுக்கிட்டு நிப்பா. காவல்காரன், "மாக், எச்சில் படுது, தள்ளி நில்லு"ம்பான். ஒரு நாள் வாத்தியாரம்மா ஒருத்தி பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தா, "பாருங்க, துவாங்கு கடைசி வரைக்கும் எவ்வளவு அடர்த்தியான முடி வச்சிருந்தாங்க! நல்லா சாப்பிட்டா உங்களுக்கும் இப்படி வளரும்." மெலூர் முக்காட்டுக்குள்ள சிரிச்சதை நான்தான் பார்த்தேன். அப்புறம் அவ அங்க போகல.

கடைசியில கல்லீரல்ல கட்டி. என் வீட்டுப் பின்னறையிலதான் கிடந்தா. அரண்மனையை விட்டு வந்த பிறகு வளர்ந்த நரைமுடியும் மருந்துல கொட்டிப்போச்சு. சாகறதுக்கு முந்தின நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"காக், அந்தப் பெட்டியில உள்ளதை எடுத்துக் கஃபன் துணிக்குள்ள வச்சிடுங்க. அவ்வளவுதானே கிடைச்சுது? அதாச்சும் என்கூட வரட்டும்."

"வைக்கிறேண்டி. நான் உயிரோட இருக்கேன்ல"ன்னேன்.

காலையில போயிட்டா. குளிப்பாட்ட நானும் பக்கத்து வீட்டு ரெண்டு பேரும் உள்ளே இருந்தோம். பொம்பளை மய்யித்துக்குக் குளிப்பாட்டி முடிச்சதும் முடியை மூணு பின்னலாப் போட்டுப் பின்னாடி தள்ளி விடறது வழக்கம். ஒருத்தி பழக்க தோஷத்துல, "முடியை எடுங்க காக்"ன்னா. எடுக்க என்ன இருக்கு? பெட்டி முன்னறை அலமாரியில இருக்கு, அதைக் கொண்டு வரலாம்னு ஈரக் கையைத் துடைச்சேன். அப்பத்தான் முன்னறையில பேச்சுக் குரல் கேட்டுச்சு.

அரண்மனையில இருந்து ஆள் வந்துட்டான். ஃபௌசின்னு ஒரு பொடியன், விருது அலுவலகத்துல குமாஸ்தா, கழுத்துல டை. இத்தனை வருஷமா ஒரு முடியைத் திருப்பித் தர முடியாத அரண்மனைக்கு, ஒரு வெண்கலத் துண்டை வாங்க ஒரு காலைப்பொழுது தாங்கல. என் மருமகன் விவரம் தெரியாம அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துக் குடுத்துட்டான். நான் ஓடி வர்றேன், அந்தப் பொடியன் வாசப்படியில நின்னு பெட்டியைத் திறந்து பார்க்குறான்.

"சீ, என்னங்க இது, ஒரே மயிரா இருக்கு!"ன்னு சொல்லிப் பெட்டியை வாசல்ல கவுத்துத் தட்டினான். ரெண்டு தட்டு. மெத்தையை ஊதினான். பதக்கத்தைக் கைக்குட்டையில துடைச்சு உள்ளே வச்சு மூடினான்.

"டேய், அதை என்னடா பண்ணின!"ன்னு நான் போட்ட கத்துல தெருவே திரும்புச்சு.

அவன் பயந்துட்டான். "மாக், பதக்கமும் பெட்டியும் மட்டும்தான் அரண்மனையோடது. மத்ததை நாங்க எடுத்துக்க மாட்டோம்"னு பணிவா சொன்னான். துக்கத்துக்குச் சொல்ற இன்னா லில்லாஹியைச் சொல்லி, எனக்குக் கைகூடக் குடுத்துட்டுப் போனான்.

கடல் காத்து அடிக்கிற வாசல். கோழி கிளறிக்கிட்டு இருக்கு. பக்கத்துல மருமகன் காலையில தேங்கா உரிச்ச நார் குவிஞ்சு கிடக்கு. நான் மண்டி போட்டேன். குளிப்பாட்ட வந்த ரெண்டு பேரும் எதுக்குன்னு தெரியாமலே என்கூட மண்டி போட்டாங்க. மய்யித்து உள்ளே ஈரத்தோட காத்துக்கிட்டு இருக்கு, இமாம் சீக்கிரம்னு குரல் குடுக்கிறார், நாங்க மூணு கிழவிங்க மண்ணுல விரலை விட்டுத் தேடுறோம். கையில சிக்கினதுல எது முடி, எது நார்னு என் கண்ணுக்குத் தெரியல. கறுப்பா இருந்ததையெல்லாம் பொறுக்கினேன். பொறுக்கினதைச் சுருட்டி, அவ தலைக்குப் பின்னாடி வச்சு, கஃபன் துணியை மடிச்சேன்.

நகைக் கூடம் வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் திறந்திருக்கும். கொண்டை இன்னும் கறுப்பாத்தான் இருக்கு. போய்ப் பாருங்க. திருடி யாருன்னு அப்புறம் வந்து சொல்லுங்க.